ஆட்சி மாறினால் கொடியும் மாறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி வினாடி வினாக்களில் ஒரு காலத்தில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: ஒரே நிறம் மட்டும் கொண்ட தேசியக் கொடி எந்த நாட்டுடையது? லிபியா என்று முந்திக்கொண்டு கத்தி, பேனாவைப் பரிசாக வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். 2011க்குப் பிறகு அந்தக் கேள்விக்கு விடையே இல்லாமல் போய்விட்டது. கொடிகளை மனப்பாடம் செய்தவன் என்று தெரிந்ததும் ஆட்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளும், நான் சொல்கிற பதில்களும் கீழே.

ஆட்சி மாறும்போதெல்லாம் தேசியக் கொடி மாறுமா?

மாறாது. தேர்தலில் ஒரு கட்சி போய் இன்னொரு கட்சி வருவதற்கும் கொடிக்கும் சம்பந்தமே இல்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்தால்கூட மாறியே தீரும் என்று சொல்ல முடியாது. தாய்லாந்தின் இன்றைய கொடி 1917இல் வந்தது. 1932இல் மன்னரின் முழு அதிகாரம் பறிபோனது. அதன்பின் அங்கே நடந்த ராணுவப் புரட்சிகளை விரல்விட்டு எண்ணினால் இரண்டு கைகளும் போதாது. கொடியில் ஒரு நூல்கூட மாறவில்லை. பாகிஸ்தானில் 1958, 1977, 1999 என்று மூன்று முறை தளபதிகள் வந்தார்கள். பிறைக்கொடி அப்படியே பறந்தது.

அந்தத் தளபதிகள் எல்லாம் இருக்கிற அரசைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள். காப்பாற்ற வந்தவன் வீட்டின் பெயர்ப்பலகையை மாற்ற மாட்டான். கொடியை மாற்றுகிறவர்கள் வேறு ரகம். ‘இதுவரை இருந்தது அரசே அல்ல, நாடு எங்களிடமிருந்துதான் தொடங்குகிறது’ என்பவர்கள் அவர்கள்.

2023இல் சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் அணி எந்தக் கொடியோடு ஆடியது? அங்கே தாலிபான் ஆட்சிதானே?

ஆட்சி தாலிபானுடையது, கொடி பழையது. அக்டோபர் 23 அன்று சென்னையில் பாகிஸ்தானை எட்டு விக்கெட் வித்தியாசத்தில் ஆப்கானிஸ்தான் வென்றபோது, அது கறுப்பு, சிவப்பு, பச்சை மூவண்ணக் கொடியின் கீழ்தான் ஆடியது. காபூலில் அரசு அலுவலகங்களின் மேல் அப்போது பறந்துகொண்டிருந்ததோ வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்தில் கலிமா என்னும் இஸ்லாமிய உறுதிமொழியைப் பொறித்த தாலிபான் கொடி.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. மூன்றே நாளில் ஜலாலாபாதில் மக்கள் தெருவில் இறங்கி மூவண்ணக் கொடியை ஏற்ற முயன்றார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆகஸ்ட் 24 அன்று டோக்கியோவில் பாராலிம்பிக் தொடக்க விழா. ஆப்கான் வீரர்களால் நாட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. ஆனாலும் அணிவகுப்பில் அந்தக் கொடியை விட்டுவிடாமல் ஒரு தன்னார்வலரின் கையில் கொடுத்து நடக்க வைத்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் மூவண்ணம்தான். நியூயார்க்கில் ஐ.நா. வாசலிலும் அதுவேதான், ஏனென்றால் ஆப்கானிஸ்தானின் இருக்கையைத் தாலிபான்களுக்குத் தருவதா என்ற முடிவை ஐ.நா. ஒவ்வோர் ஆண்டும் தள்ளிவைத்துக்கொண்டே வந்தது. 2025 ஜூலையில் ரஷ்யா தாலிபான் அரசை முறைப்படி அங்கீகரித்தது. மாஸ்கோவில் இருக்கும் ஆப்கான் தூதரகத்தில் வெள்ளைக்கொடி ஏறியது.

ஆக, ஒரு நாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கொடிகள் இருக்க முடியும். உள்ளூரில் ஒன்று, உலகத்தின் கண்ணுக்கு இன்னொன்று.

ஆப்கானிஸ்தான் கொடி மொத்தம் எத்தனை முறை மாறியது?

இருபதாம் நூற்றாண்டில் வேறெந்த நாட்டையும்விட அதிகமாக என்று பொதுவாகச் சொல்வார்கள். சின்னத்தில் வந்த சிறு திருத்தங்களையும் கணக்கில் சேர்ப்பதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். எண்ணிக்கையைவிட அது மாறிய விதம் சுவையானது.

மன்னர் அமானுல்லா கான் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய 1928இல் மூவண்ணம் வந்தது. அடுத்த ஆண்டே கிளர்ச்சியில் அவரும் போனார், கொடியும் போனது. பின்னர் வந்த நாதிர் ஷா மூவண்ணத்தை மீட்டு நடுவில் மசூதிச் சின்னத்தை வைத்தார். அந்தக் குடும்பத்தின் ஆட்சி 1973 வரை நீடித்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த தாவூத் கான் மன்னராட்சியை முடித்துக் குடியரசை அறிவித்ததும் செங்குத்துப் பட்டைகள் படுக்கைப் பட்டைகளாயின, கழுகு வந்து உட்கார்ந்தது. 1978 ஏப்ரலில் கம்யூனிஸ்டுகள் வந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஏறிய கொடி முழுச் சிவப்பு. பச்சை இல்லாத கொடியை ஏற்றினால் அந்த நாட்டு மக்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகளின் துணையோடு வந்த பாப்ராக் கர்மால் 1980இல் மூவண்ணத்துக்குத் திரும்பினார்; சின்னத்தில் மட்டும் ஒரு சிவப்பு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1987இல், அவருக்குப் பின் வந்த நஜிபுல்லா அதையும் எடுத்துவிட்டார். சோவியத் படை வெளியேறப் போகிறது என்பதை அந்த நட்சத்திரம் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

1992இல் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்கள்: பச்சை, வெள்ளை, கறுப்பு. 1996இல் தாலிபான்: வெறும் வெள்ளை. மறு ஆண்டு அதில் கலிமா ஏறியது. 2002இல் ஹமீத் கர்சாய் காலத்தில் மறுபடியும் மூவண்ணம். 2021இல் மறுபடியும் வெள்ளை. இத்தனை மாற்றத்திலும் கறுப்பு-சிவப்பு-பச்சை என்ற அந்த 1928 யோசனை நாலைந்து முறை செத்துப் பிழைத்திருக்கிறது.

சிரியாவுக்கு 2024இல் புதிய கொடி வந்ததாமே?

புதியது என்று செய்தியில் சொன்னார்கள். அந்தக் கொடியின் வயது தொண்ணூறுக்கும் மேல். பச்சை, வெள்ளை, கறுப்புப் பட்டைகளும் மூன்று சிவப்பு நட்சத்திரங்களும் கொண்ட அது முதலில் ஏறியது 1932இல், பிரெஞ்சு ஆதிக்கத்தின் கீழ். 1946இல் பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறியபோதும் அதுதான் சிரியாவின் கொடி.

1958இல் சிரியா எகிப்தோடு இணைந்து ஐக்கிய அரபுக் குடியரசு ஆனபோது சிவப்பு, வெள்ளை, கறுப்புக் கொடி வந்தது. அதில் இரண்டு பச்சை நட்சத்திரங்கள்: ஒன்று எகிப்து, ஒன்று சிரியா. 1961இல் கூட்டு முறிந்தது, பழைய கொடி திரும்பியது. 1963இல் பாத் கட்சி ஆட்சியைப் பிடித்ததும் மூன்று நட்சத்திரங்கள். இராக்கையும் சேர்த்துக்கொள்ளும் கனவு அது. 1972இல் எகிப்து, லிபியாவோடு ஒரு கூட்டமைப்பு, நட்சத்திரத்துக்குப் பதில் பருந்து. 1980இல் ஜனாதிபதி ஹாபிஸ் அல் அசாத் 1958இன் இரண்டு நட்சத்திரக் கொடியையே திரும்பக் கொண்டுவந்தார். எகிப்தோடு இருந்த உறவு முறிந்து இருபது வருடம் ஆகப்போகிறது. எகிப்தின் நட்சத்திரம் மட்டும் டமாஸ்கஸில் பறந்துகொண்டிருந்தது. விவாகரத்துக்குப் பிறகும் கல்யாணப் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதைப் போல.

2011 கிளர்ச்சியில் எதிர்த்தரப்பு 1932 கொடியைக் கையில் எடுத்தது. அதன்பின் ஒரு சோதனைச் சாவடியில் எந்தக் கொடி பறக்கிறது என்பதை வைத்தே அது யாருடைய இடம் என்று சொல்லிவிடலாம். பச்சைக் கொடியை வைத்திருப்பது உயிருக்கு ஆபத்தாக இருந்த ஊர்களிலேயே 2024 டிசம்பர் 8 அன்று ஹாபிஸின் மகனும் ஜனாதிபதியுமான பஷார் அல் அசாத் தப்பியோடியதும் அது எங்கும் ஏறியது. மறுநாளே மாஸ்கோவில் உள்ள சிரியத் தூதரகத்தில் அது பறந்தது. அசாத் அடைக்கலம் புகுந்ததும் அதே மாஸ்கோவில்தான்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 2025 மார்ச்சில் வெளியான இடைக்கால அரசமைப்புப் பிரகடனத்தில் கொடியின் வடிவம் எழுதப்பட்டது. ஏப்ரல் 25 அன்று ஐ.நா. தலைமையகத்தில் வெளியுறவு அமைச்சர் அசாத் அல் ஷைபானி அதை ஏற்றினார். பழைய ஜனாதிபதியின் குடும்பப் பெயரைப் போலவே புதிய அமைச்சரின் முதற்பெயரும் ஒலிக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அரபியில் இரண்டும் வேறு வேறு சொற்கள்.

புரட்சி செய்தவர்கள் புதுக்கொடி வரையாமல் பழைய கொடியைத் தேடி எடுப்பது ஏன்?

புதிதாக வரைந்தால் யார் வரைந்தது, எந்தக் குழுவின் நிறம், எந்த மதத்தின் குறி என்று பத்துச் சண்டை வரும். கிளர்ச்சிக்காரர்களுக்குள் ஒற்றுமை எப்போதும் குறைவு. தாத்தா காலத்துக் கொடிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதை எதிர்த்துப் பேச ஆளில்லை. அதோடு, வீழ்த்தப்பட்ட ஆட்சி நடுவில் வந்த ஒரு கெட்ட கனவு என்றும் அது வாய்திறக்காமல் சொல்லிவிடுகிறது.

லிபியாவைப் பாருங்கள். 1977 நவம்பரில் எகிப்து ஜனாதிபதி சாதாத், எதிரியாக இருந்த இஸ்ரேலோடு சமாதானம் பேச ஜெருசலேம் போனார். எகிப்தோடு ஒரே கூட்டமைப்புக் கொடியை வைத்திருந்த கடாபிக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் கொடியை உதறிவிட்டு எழுத்தோ சின்னமோ இல்லாத முழுப் பச்சையை ஏற்றினார். எங்கள் வினாடி வினாக் கேள்வி பிறந்தது அப்படித்தான். 2011இல் அவருக்கு எதிராக எழுந்தவர்கள் 1951இன் சிவப்பு, கறுப்பு, பச்சைக் கொடியை, பிறையோடும் நட்சத்திரத்தோடும் மீட்டார்கள். அது மன்னர் இத்ரீஸின் காலத்துக் கொடி. அவர்களில் பெரும்பாலோருக்கு மன்னராட்சி வேண்டாம், அவருடைய கொடி மட்டும் போதும்.

கொடியின் நடுவில் ஓட்டை போட்டுப் பறக்கவிட்ட நாடு எது?

ருமேனியாவைத்தான் பலரும் நினைப்பார்கள். 1989 டிசம்பரில் நிக்கோலே சௌஷெஸ்குவுக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் நீலம், மஞ்சள், சிவப்புக் கொடியின் நடுவில் இருந்த கம்யூனிஸ்ட் சின்னத்தைக் கத்தரித்து எறிந்தார்கள். நிறங்கள் நம்முடையவை, சின்னம்தான் அவர்களுடையது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இந்த யோசனையில் ஹங்கேரி மூத்தது. 1956 அக்டோபரிலேயே புடாபெஸ்ட்டில் அப்படி ஓட்டைக்கொடிகள் பறந்தன.

ருமேனியாவின் ஓட்டை ஒரு வேடிக்கையான சிக்கலையும் கொண்டுவந்தது. சின்னம் போன பிறகு மிச்சமிருந்த மூன்று பட்டைகளும் ஆப்பிரிக்காவின் சாட் நாடு 1959 முதல் வைத்திருக்கும் கொடியை அச்சாக உரித்து வைத்ததுபோல இருந்தன. நீலத்தில் மட்டும் நூலளவு வித்தியாசம். 2004இல் சாட் இதை ஐ.நா.வில் எழுப்பியது. ருமேனியா விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் இரண்டும் அப்படியேதான் பறக்கின்றன.

புதுக்கொடியை யார் வரைகிறார்கள்? போட்டி வைப்பார்களா?

வைப்பார்கள், பெரும்பாலும் உருப்படாது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடியப் போகிறது என்றானதும் பொதுமக்களிடம் வடிவங்கள் கேட்டார்கள். ஏழாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை. தேர்தல் 1994 ஏப்ரல் 27. பிப்ரவரி வந்தும் கையில் கொடி இல்லை. கடைசியில் அரசின் இலச்சினைத் துறை அதிகாரி பிரெடெரிக் பிரவுனெல், முந்தைய ஆண்டு ஜூரிக்கில் நடந்த கொடியியல் மாநாட்டில் கிறுக்கி வைத்திருந்த ஒரு யோசனையைத் தூசி தட்டினார். இரண்டு பாதைகள் ஒன்றாகி முன்னே செல்வதைப் போன்ற அந்தப் பக்கவாட்டு ‘ஒய்’ வடிவம் அதுதான்.

நெல்சன் மண்டேலாவின் சம்மதம் வேண்டுமே. அவர் வெளியூரில் இருந்தார். அவருடைய கட்சியின் சார்பில் பேச்சுவார்த்தை நடத்திய சிரில் ராமபோசா படத்தை ஃபாக்ஸில் அனுப்பினார். ஃபாக்ஸில் நிறம் தெரியாது. யாரோ கடைக்கு ஓடி வண்ணப் பென்சில் வாங்கி வந்து தீட்டிக் காட்டினார்களாம். மார்ச் 15 அன்று வடிவம் ஏற்கப்பட்டது. தேர்தலுக்கு மிச்சம் ஆறு வாரம். தையல்காரர்களின் பாட்டைக் கேட்க வேண்டாம். ஐந்து வருடத்துக்கு மட்டும் இடைக்கால ஏற்பாடு என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பின்னர் வந்த அரசமைப்புச் சட்டத்தில் அதுவே நிலைத்துவிட்டது.

அவசரத்தில் பிறந்ததால் அது மோசமாகிவிடவில்லை. ஏழாயிரம் பேரைக் கேட்ட பிறகு ஒருவர் முடிவு செய்ததில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை.

கொடியை மாற்ற நல்ல நேரம் பார்ப்பார்களா?

மியான்மரில் பார்த்தார்கள். 1948 ஜனவரி 4 அன்று அந்த நாடு விடுதலை பெற்ற நேரமே ஜோதிடர்கள் குறித்துக்கொடுத்த விடியற்காலை 4:20. 2010 அக்டோபர் 21 அன்று, தேர்தலுக்கு இரண்டு வாரமே இருந்த நிலையில், ராணுவ அரசு மஞ்சள், பச்சை, சிவப்பில் பெரிய வெள்ளை நட்சத்திரம் வைத்த கொடியைத் திடீரென்று ஏற்றியது. பழையதைச் செவ்வாய்க்கிழமை பிறந்தவர்கள் இறக்க வேண்டும், புதியதைப் புதன்கிழமை பிறந்தவர்கள் ஏற்ற வேண்டும், இறக்கியதை எரித்துவிட வேண்டும் என்று அலுவலகங்களுக்கு உத்தரவு போனதாகச் செய்தி வந்தது. செவ்வாயோ வெறுவாயோ என்று நாம் சொல்வது அங்கேயும் செல்லும் போலிருக்கிறது. 2021இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது கொடியைத் தொடவில்லை. அவர்களே கொடுத்த கொடிதானே.

தமிழர்கள் வாழும் இடங்களில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

இலங்கையில் நடந்தது, சின்ன அளவில், பெரிய பொருளோடு. 1948இல் விடுதலை பெற்றபோது ஏறியது கண்டி அரசின் வாளேந்திய சிங்கக்கொடி. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அதில் இடமில்லை என்ற எதிர்ப்பு எழ, ஒரு குழு அமைத்து, செம்மஞ்சள், பச்சை என இரண்டு பட்டைகளைச் சேர்த்தார்கள்; 1951இல் அது ஏற்கப்பட்டது. அந்தக் குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் அதற்கு உடன்படவில்லை. பட்டைகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்பதை இன்றும் தமிழர்கள் சுட்டிக்காட்டுவார்கள். 1972இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு குடியரசு அரசமைப்பைக் கொண்டுவந்தது. அதில் பௌத்தத்துக்கு முதன்மை இடம். அதே ஆண்டில் சிங்கத்தைச் சுற்றிய நான்கு மூலைகளிலும் அரச மர இலைகள் முளைத்தன. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

புதுச்சேரியின் கதை வேறு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஒப்பினார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி இந்தியக் கொடி ஏறியது. பிரான்ஸின் சட்டப்படியான சம்மதம் வந்து சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். நடுவில் எட்டு வருடம் சட்டத்துக்கு முன்னால் கொடி பறந்துகொண்டிருந்தது.

இந்தியக் கொடி மாற வாய்ப்பு உண்டா?

1947 ஜூலை 22 அன்று அரசமைப்பு நிர்ணய சபை, காங்கிரஸ் கொடியில் இருந்த ராட்டைக்குப் பதில் சக்கரத்தை வைத்து முடிவு செய்தது. எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின. ஆளும் கட்சியின் கொடியும் நாட்டுக் கொடியும் வேறு வேறு என்ற அன்றைய அந்தச் சிறு திருத்தம் நல்ல வேலை செய்திருக்கிறது.

பழைய கொடியை வைத்திருந்தால் குற்றமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் ஸ்வஸ்திகா கொடியைப் பொதுவில் காட்டுவது தண்டனைக்குரியது. தென்னாப்பிரிக்காவில் பழைய ஆரஞ்சு-வெள்ளை-நீலக் கொடியைக் காரணமின்றிக் காட்டுவது வெறுப்புப் பேச்சுக்குச் சமம் என்று 2019இல் சமத்துவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வுக்கும் அருங்காட்சியகத்துக்கும் விலக்கு உண்டு. பெலாரஸில் நிலைமை தலைகீழ். 1991 விடுதலைக்குப் பின் வந்த வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடியை 1995இல் ஒரு வாக்கெடுப்பு நடத்தி எடுத்துவிட்டு, சோவியத் காலக் கொடியை அரிவாள் சுத்தியல் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கூரையிலிருந்து இறக்கிய கொடியை ஜனாதிபதி அலுவலக அதிகாரி ஒருவர் கிழித்து, துண்டுகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2020இல் லட்சக்கணக்கானோர் அதே கொடியோடு தெருவுக்கு வந்தபோது, பால்கனியில் தொங்கவிட்டவர்களுக்குக்கூட அபராதம் விழுந்தது.

கைபேசியில் இருக்கும் கொடி எமோஜி எப்போது மாறும்?

அதற்கு எந்த அரசும் பொறுப்பில்லை. எமோஜி கொடி என்பது உள்ளே இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு மட்டுமே. அந்தக் குறியீட்டுக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்பதைக் கைபேசி நிறுவனமும் செயலி நிறுவனமும் தனித்தனியே முடிவு செய்கின்றன. அதனால் நீங்கள் ஒரு கொடியை அனுப்ப, எதிரில் இருப்பவர் வேறு கொடியைப் பார்க்கக்கூடும்.

போட்டித் தேர்வில் ஆப்கானிஸ்தான் கொடி எது என்று கேட்டால் என்ன எழுதுவது?

மாணவர்கள் கேட்பதிலேயே இதுதான் கடினமானது. கேள்வியில் ‘ஐ.நா.’, ‘ஒலிம்பிக்’, ‘கிரிக்கெட்’ போன்ற சொல் இருந்தால் மூவண்ணம். ‘2021க்குப் பின் ஆட்சியில் உள்ளவர்கள்’ என்று இருந்தால் வெள்ளை. எதுவும் சொல்லாமல் வெறுமனே கேட்டிருந்தால், கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் இந்த இரண்டில் ஒன்று மட்டுமே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். சிரியாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. மேலே பச்சை, நட்சத்திரம் மூன்று.